என் படியை எனக்கு அளந்து: பொறாமையிலிருந்து போதுமென்ற மனதுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சித்தி மகள் புது வீடு கட்டிப் பிரதிஷ்டை ஆராதனை வைத்திருந்தாள். போதகர் ஒவ்வொரு அறையிலும் நின்று ஜெபித்துக்கொண்டே வந்தார். கூட்டம் படுக்கையறைப் பக்கம் போனபோது நான் மட்டும் அடுக்களையில் தங்கிவிட்டேன். அங்கே கரண்டிகள் வைக்கிற டிராயர் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வந்தது. தள்ளினால், கடைசி இரண்டு விரல் தூரத்தில் தானாக வேகம் குறைந்து மெல்லப் போய் மூடிக்கொண்டது. மறுபடியும் இழுத்தேன், மறுபடியும் தள்ளினேன். பக்கத்து அறையில் "ஆமென்" என்று எல்லாரும் சொன்னது கேட்டது. எனக்கு வாய் வரவில்லை.

தலைவலி என்று சொல்லிவிட்டு, பந்தி போடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். அவள் வாசல் வரைக்கும் ஓடிவந்து, "அக்கா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கக்கா" என்று கையைப் பிடித்தாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தவள் நான். அவள் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அன்று பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஓடியது ஒரே கேள்விதான்: ஆண்டவரே, எனக்கு ஏன் இல்லை?

இந்த வழிகாட்டியை அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுதுகிறேன். பொறாமைப்படக் கூடாது என்று நமக்கு ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள். படாமல் இருப்பது எப்படி என்று சொன்னவர்கள் குறைவு. எனக்கு உதவியதை ஏழு படிகளாகச் சொல்கிறேன். எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை. சிலவற்றில் மாதக்கணக்கில் நிற்க வேண்டிவரும், சிலவற்றை ஒரே நாளில் தாண்டிவிடலாம்.

தொடங்கும் முன்: எது பொறாமை?

பக்கத்து வீட்டில் நல்ல மாமரம் இருக்கிறது, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைப்பது ஆசை. அந்த மரம் அவர்களிடம் இருப்பதே நம்மை வருத்துகிறது என்றால், அது பொறாமை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அதைப் பிறருடைய நன்மையைக் கண்டு உண்டாகும் துக்கம் என்று விளக்கினார். கோபம் என்று சொல்லாமல் துக்கம் என்று சொன்னாரே, அதைக் கவனியுங்கள். நம் தமிழ்ச் சொல்லுக்குள்ளும் அதே பொருள்தான் இருக்கிறது. பொறாமை என்றால் பொறுக்கமாட்டாமை. இன்னொருவரின் நன்மையைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் போவது.

அது சின்னக் குற்றம் என்று நினைக்க வேண்டாம். இயேசுவை ஏன் தன்னிடம் கொண்டுவந்தார்கள் என்று தேசாதிபதி பிலாத்துவுக்கே தெரிந்திருந்தது. பிரதான ஆசாரியர் பொறாமையினாலே அவரை ஒப்புக்கொடுத்தார்கள் என்று மாற்கு 15:10 சொல்கிறது.

முதல் படி: பேர் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள்

பொறாமை தன் சொந்தப் பேரில் வருவதே இல்லை. அன்று பஸ்ஸில் எனக்கு அது பக்தியின் பேரில் வந்தது. "இவ்வளவு ஆடம்பரம் தேவைதானா? அந்தக் காசில் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்திருக்கலாமே." அப்புறம் அக்கறையின் பேரில் வந்தது. "பாவம், கழுத்து மட்டும் கடன் வாங்கியிருப்பாங்க." நீதியின் பேரிலும் வரும். "நாங்க ஒழுங்கா தசமபாகம் கொடுக்கிறோம், அவங்க என்ன கொடுக்கிறாங்க?" பாடகர் குழுவில் தனிப்பாட்டு வேறொருவருக்குப் போனால், "அவ நல்லாத்தான் பாடுவா, ஆனா அபிஷேகம் இல்லையே" என்று வரும். ஊழியக்காரருக்கு, பக்கத்துச் சபையின் கூட்டத்தைப் பார்க்கும்போது உபதேச சுத்தத்தைப் பற்றிய கவலையாகவும் வரும்.

அதைக் கண்டுபிடிக்க உடம்பு உதவும். வயிற்றெரிச்சல் என்று நம் ஜனங்கள் சும்மா சொல்லவில்லை. "சொஸ்தமனம் உடலுக்கு ஜீவன், பொறாமையோ எலும்புருக்கி" என்கிறது நீதிமொழிகள் 14:30. அந்தக் காலத்தில் காசநோய்க்கு எலும்புருக்கி என்றுதான் பேர். ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார், சாப்பிடவும் செய்வார், உள்ளே மட்டும் கரைந்துகொண்டே போகும். ஒருவரின் நல்ல செய்தியைக் கேட்டதும் உங்களுக்குள் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். எனக்குத் தொண்டையில்.

இறுகிய உடனே, அன்றைக்கே, ஒரே வாக்கியத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். "ஆண்டவரே, அவளுக்கு வீடு கிடைத்தது எனக்குப் பொறுக்கவில்லை." அவ்வளவு போதும். விளக்கம் வேண்டாம், காரணம் வேண்டாம். "ஆனால்" என்ற சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள்.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், வாய் இறுக்கமான, ஜெபிக்கிற பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். யார்மேல் பொறாமையோ அவரிடமே போய்ச் சொல்வது பெரும்பாலும் நல்லதல்ல. நம் மனசு லேசாகும், அவருடைய மனசில் பாரம் ஏறும். அந்தப் பொறாமையால் அவரைப் பற்றித் தப்பாகப் பேசியிருந்தால் கதை வேறு. அங்கே மன்னிப்புக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் படி: எதற்காக அழுகிறோம் என்று தோண்டிப் பாருங்கள்

ஆதியாகமம் 29, 30 அதிகாரங்களை ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து வாசியுங்கள். ஒரே வீட்டில் அக்கா தங்கை, இரண்டு பேருக்கும் யாக்கோபுதான் புருஷன். லேயாளுக்குப் பிள்ளைகள் உண்டு, புருஷனின் அன்பு இல்லை. ராகேலுக்குப் புருஷனின் அன்பு உண்டு, பிள்ளை இல்லை. தங்கை அக்காளின் தொட்டிலைப் பார்த்து எரிகிறாள், அக்காள் தங்கையின் கூடாரத்தைப் பார்த்து எரிகிறாள். தன் கையில் இருப்பது அடுத்தவளுக்கு எவ்வளவு பெரிய கனவு என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

லேயாள் பிள்ளைகளுக்கு வைத்த பேர்களில் அவள் மனசு அப்படியே தெரியும். ரூபன் பிறந்தபோது, இனிமேல் என் புருஷன் என்னை நேசிப்பார் என்கிறாள். சிமியோன் பிறந்தபோது, நான் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டார் என்கிறாள். லேவி பிறந்தபோது, இனிமேலாவது என்னோடு சேர்ந்திருப்பார் என்கிறாள். மூன்று பிள்ளையும் புருஷனுக்கு எழுதின மூன்று கடிதம் மாதிரி. நாலாவது பிள்ளைக்கு யூதா என்று பேர் வைத்தபோது அவள் சொன்னது வேறு: "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்." யாக்கோபின் பேச்சே அதில் இல்லை. அந்த யூதாவின் வம்சத்தில்தான் தாவீதும், பிற்பாடு இயேசுவும் வந்தார்கள். ஆனால் லேயாள் அதோடு பூரணமாகிவிடவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே தூதாயீம் கனிக்காகத் தங்கையோடு சண்டை போடுகிறாள். பரிசுத்த வேதாகமம் இதை மறைக்காமல் எழுதியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? ஒரு தாளில் நீங்கள் பொறாமைப்படும் பொருளை எழுதுங்கள். அதன் கீழே "அது கிடைத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டுப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலின் கீழேயும் அதே கேள்வியைக் கேளுங்கள். மூன்று நான்கு முறை கேட்டால் அடி மண் வரும்.

நான் டிராயர் என்று எழுதினேன். கடைசியில் வந்தது டிராயர் இல்லை. அந்த வீட்டில் அடுப்பு மேடை கட்டும்போது அவள் புருஷன் அவளை நிற்க வைத்து, முழங்கை உயரத்தை அளந்து கட்டச் சொன்னாராம். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது சித்தி பெருமையாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டு மேடை என் மாமியார் காலத்தது, எனக்கு ரொம்பத் தாழ்வு. பதினெட்டு வருஷமாகக் குனிந்தே சமைக்கிறேன். உனக்கு எது வசதி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

அடி மண் தெரிந்தால் வழியும் தெரியும். சில குறைகளை வாய்விட்டுக் கேட்டாலே தீர்ந்துவிடும். நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ சொன்னதே இல்லையே" என்றார். அந்த மாதமே கொத்தனார் வந்து மேடையை ஒரு சாண் உயர்த்திவிட்டுப் போனார். சில குறைகள் கேட்டாலும் தீராது. பிள்ளை இல்லாத ஏக்கம், நடக்காத கல்யாணம், இழந்த ஆரோக்கியம் எல்லாம் அப்படி. அவற்றைப் பொறாமை என்ற பேரில் அடக்கிவைக்காமல் துக்கம் என்ற பேரில் ஆண்டவர் முன் ஊற்றிவிடுங்கள். பிள்ளை இல்லாத அன்னாள் ஆலயத்தில் அப்படித்தான் அழுதாள். சத்தம் கேட்காமல் உதடு மட்டும் அசைய ஜெபித்ததால், அவள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலியே நினைத்தார். பிள்ளைகளைப் பெற்றிருந்த சக்களத்தி பெனின்னாளைப் பற்றி அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

மூன்றாம் படி: ஆசாப்போடு ஒரு வாரம் இருங்கள்

பொறாமையைப் பற்றிப் பரிசுத்த வேதாகமத்தில் எனக்குத் தெரிந்து இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற பகுதி சங்கீதம் 73தான். எழுதின ஆசாப் சாதாரண ஆள் இல்லை, தாவீது நியமித்த பாடகர்களின் தலைவர்களில் ஒருவர். அவரே சொல்கிறார், "என் அடிகள் சறுக்குதலுக்கும் சற்றே தப்பிற்று" என்று. காரணம்? துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமைப்பட்டார். "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி" என்கிற அளவுக்குப் போய்விட்டார். இவ்வளவு நாள் பரிசுத்தமாக வாழ்ந்து என்ன பிரயோஜனம் என்கிற பேச்சு அது. நம்மில் எத்தனை பேர் இதை வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள்ளேயே சுமக்கிறோம்!

இந்தச் சங்கீதத்தை ஏழு நாள், தினமும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். பென்சில் எடுத்துக்கொண்டு "அவர்கள்" என்று வருகிற இடங்களைக் குறியுங்கள். அப்புறம் "நான்", அப்புறம் "நீர்". முன்பாதியில் அவர்கள், அவர்கள், அவர்கள்தான். அவர்கள் உடம்பு, அவர்கள் பேச்சு, அவர்கள் சுகம். நடுவில் நான், என் கைகள், என் கஷ்டம். பிற்பாதியில் நீர், உம்மோடு, உம்முடைய ஆலோசனை. கடைசிப் பகுதியில் ஒரு மனுஷன் நிமிர்ந்து மூச்சு விடுவது தெரியும்: "பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு? பூலோகத்தில் உம்மைத்தவிர எனக்கு வேறே விருப்பமில்லை."

எந்த இடத்தில் திரும்புகிறது? 17ஆம் வசனத்தில், தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்தபோது. ஆசாப்பின் வருமானம் கூடவில்லை, துன்மார்க்கனின் வீடு இடியவில்லை. பார்க்கிற இடம் மாறியது, அவ்வளவுதான். பொறாமை அதிகமாக இருக்கிற வாரத்தில் ஆராதனைக்குப் போகாமல் இருந்துவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அந்த வாரம்தான் கட்டாயம் போக வேண்டிய வாரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர்கள் முடிவைக் கவனித்தேன் என்று ஆசாப் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, நாம் பொறாமைப்படுகிறவரின் வீழ்ச்சிக்குக் காத்திருக்கக் கூடாது. ஆசாப் கொடுமைக்காரர்களைப் பற்றிச் சொன்னார். என் சித்தி மகள் கொடுமைக்காரி இல்லை, நேர்மையாகச் சம்பாதித்து வீடு கட்டினவள். "அவளுக்கும் உள்ளுக்குள் ஏதாவது கஷ்டம் இருக்கும்" என்று நினைத்து ஆறுதல் தேடுவதையும் நான் விட்டுவிட்டேன். அதற்கு அர்த்தம், அவளுக்குக் கஷ்டம் இருந்தால்தான் எனக்கு நிம்மதி என்பது.

நாலாம் படி: அளக்கிறவரைப் பாருங்கள்

என்னைப் பொறுத்தவரை மற்றப் படிகளெல்லாம் நிற்பது இதன்மேல்தான்.

"என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்பது நீதிமொழிகள் 30:8இல் வரும் ஆகூரின் ஜெபம். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம் என்று கேட்டுவிட்டு இதைக் கேட்கிறான். இந்த வசனத்தை மொழிபெயர்த்தவர்கள் "படி" என்ற சொல்லைப் போட்டதற்காக நான் பலமுறை ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஆச்சி வீட்டில் பித்தளைப் பட்டை போட்ட மரப்படி ஒன்று இருந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி. வயலில் வேலை செய்தவர்களுக்கு ஆச்சி நெல் அளக்கும்போது, படியை நிரப்பி, மேலே குவித்து, ஒரு தட்டு தட்டி, மறுபடியும் குவித்துத்தான் போடுவார்கள். கை நடுங்கின வயதிலும் அந்தக் குவியலை வழித்துவிடவில்லை. "படியளக்கிறவருக்குக் கண்ணு இருக்கு" என்பார்கள்.

பொறாமையில் நான் சித்தி மகளோடு சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் வழக்கு அளந்தவரோடு. அவளுக்கு அதிகமாக அளந்துவிட்டார், எனக்குக் குறைத்துவிட்டார், அவர் கை சரியில்லை என்பதுதான் என் புகார். பத்துக் கட்டளைகளில் கடைசிக் கட்டளை பிறனுடைய வீடு, எருது, கழுதை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இச்சியாதே என்கிறது. முதல் கட்டளை, வேறே தேவர்கள் உனக்கு உண்டாயிருக்க வேண்டாம் என்கிறது. கடைசியை மீறும்போது முதலாவதையும் சேர்த்தே மீறுகிறோம் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

மத்தேயு 20இல் திராட்சத்தோட்டக்காரரின் உவமையில் ஐந்து நேரத்தில் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். விடியற்காலையில் வந்தவர்களோடு ஒரு பணம் கூலி பேசியாயிற்று. சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் அதே ஒரு பணம். முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். கவனியுங்கள், அவர்கள் கூலி குறையவில்லை. கடைசி ஆளுக்கு முதலில் கொடுக்காமல் இவர்களை முதலில் அனுப்பியிருந்தால், அதே ஒரு பணத்தைச் சந்தோஷமாக முடிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எஜமான் கேட்கிறார்: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" வன்கண், அதாவது பொறாமைக் கண், என்ற அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடுக்களை ஞாபகம் வருகிறது.

இதைப் பழக்கமாக்க எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, அசனம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகையின்போது வைக்கிற பொதுச் சாப்பாடு. ஒருவர் மூட்டையாக அரிசி கொடுப்பார், இன்னொருவர் ஒரு படி கொடுப்பார். எல்லாம் ஒரே அண்டாவில் வேகும், எல்லாருக்கும் ஒரே கரண்டியில் வரும். கொஞ்ச நாளாக நான் அங்கே பரிமாறப் போகிறேன். இலை இலையாக நகர்ந்து போகும்போது யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று கை தானாகப் பார்க்கப் பழகுகிறது. குழந்தைக்குக் கொஞ்சம், வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவருக்கு இரண்டு கரண்டி, சர்க்கரை வியாதிக்காரருக்குச் சோறு குறைவாக, குழம்பு கூட. குறைவாக வாங்கினவரை நான் வெறுக்கவில்லையே.

மனசு அடுத்தவர் இலைக்குப் போகும்போது சொல்ல ஒரு வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள். பேதுரு யோவானைக் கண்டு இயேசுவிடம், "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்று கேட்டபோது இயேசு சொன்னார்: "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா." காதில் கேட்கும்படி சொல்லிப்பாருங்கள். அதட்டல் மாதிரி இருந்தாலும் அதில் ஒரு விடுதலை இருக்கிறது. அடுத்தவர் கணக்கைப் பார்க்கும் வேலையிலிருந்து நம்மை எடுத்துவிடுகிறார்.

ஐந்தாம் படி: நன்றியைத் துல்லியமாகச் சொல்லுங்கள்

"சுகம், பெலன், ஜீவன் தந்தீரே, ஸ்தோத்திரம்" என்று தினமும் சொல்கிறோம். தப்பில்லை. ஆனால் பழகிய வார்த்தை மனசைத் தொடாமலே போய்விடும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆளோ இடமோ நேரமோ இருக்க வேண்டும். "குடும்பத்துக்காக நன்றி" என்று எழுதக் கூடாது. "காலை ஆறரைக்கு மகன் கேட்காமலே தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்தான்" என்று எழுதலாம். "மார்க்கெட்டில் கீரைக்காரம்மா ஒரு கொத்துமல்லிக் கட்டைச் சும்மா போட்டார்." "மேடை உயரமாக இருக்கிறது, இன்று முதுகு வலிக்கவில்லை."

ஒருமுறை எழுதினதைத் திரும்ப எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வாரத்தில் திணறும். விட்டுவிடாதீர்கள். பகலிலேயே கண் தேட ஆரம்பித்துவிடும். மற்றவரிடம் இருப்பதை எண்ணிப் பழகின அதே கண், நமக்குக் கொடுக்கப்பட்டதை எண்ணப் பழகும். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவி இக்னேசியுஸ் லொயோலா சொல்லிக்கொடுத்த ஆத்தும சோதனையிலும், பாவங்களைப் பார்ப்பதற்கு முன்னால் முதல் காரியம் பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான்.

நன்றியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "அந்த வீட்டைவிட நம் வீடு பரவாயில்லை, ஸ்தோத்திரம்" என்பது. நம் கஷ்டத்தைவிடப் பெரிய கஷ்டத்தைப் பார்த்து ஆறுதல் அடையச் சொல்லி நிறையப் பேர் ஆலோசனை தருகிறார்கள். லூக்கா 18இல் பரிசேயனும் ஸ்தோத்திரம்தான் சொன்னான், இந்த ஆயக்காரனைப்போல் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்று. கீழே பார்த்து நன்றி சொல்லிப் பழகினவர், மேலே பார்க்கும்போது பொறாமைப்படாமல் இருக்க முடியாது. இரண்டும் ஒரே தராசு. ஆகவே உங்கள் நோட்டில் வேறு யாரோடும் ஒப்பிட்டு ஒரு வரி வந்தால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

எழுதுவதோடு நிறுத்தாமல் ஆளிடமும் சொல்லுங்கள். இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன். மற்ற ஒன்பது பேர் மனசில் நன்றி இல்லை என்று எழுதப்படவில்லை, அவர்கள் வரவில்லை. வாரத்துக்கு ஒருவருக்காவது போன் பண்ணி நன்றி சொல்லுங்கள்.

துக்க நாட்களில் நோட்டு காலியாக இருந்தால் பரவாயில்லை. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யச் சொன்ன பவுலே, அழுகிறவர்களுடனே அழவும் சொன்னார்.

ஆறாம் படி: அவருக்காக ஜெபியுங்கள், அவருக்குக் கொடுங்கள்

சவுல் ராஜா ஒரு பாட்டில் விழுந்தான். "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று பெண்கள் பாடினார்கள். அதுவரை ஆயிரம் என்பது அவனுக்குப் பெரிய எண்ணாகத்தான் இருந்திருக்கும். அந்நாள் முதற்கொண்டு தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான். அப்புறம் கையில் ஈட்டி வந்தது.

அதே அரண்மனையில், அதே அதிகாரத்தில், யோனத்தான் இருக்கிறான். கணக்குப்படி பார்த்தால் தாவீதால் அதிகம் இழக்கப்போகிறவன் அவன்தான், பட்டத்து இளவரசன். அவன் தன் சால்வையைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான். உடுப்பு, பட்டயம், வில், கச்சை எல்லாவற்றையும் கொடுத்தான். அப்பாவின் கை ஈட்டியை எறிந்தது, மகனின் கை சால்வையைக் கழற்றியது.

முப்பது நாள், பேர் சொல்லி, அவருக்குள்ள அதே நன்மைக்காக ஜெபியுங்கள். "அவளை இரட்சியும், தாழ்மையைக் கொடும்" என்ற ஜெபம் வேண்டாம், அதில் நம் குத்தல் ஒளிந்திருக்கும். "அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் நிறையட்டும், அந்த அடுக்களையில் அவள் களைத்துப்போகாமல் சமைக்கட்டும், கடன் சீக்கிரம் அடையட்டும்" என்று ஜெபியுங்கள். முதல் பத்து நாள் எனக்கு வாய்தான் சொன்னது. பதினைந்தாம் நாள் வாக்கில் அவள் குழந்தைகளின் பரீட்சை தேதி என் ஞாபகத்தில் தானாக வந்தது.

அப்புறம், ஏதாவது கொடுங்கள். விலை முக்கியமில்லை, உங்களுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். நான் என் அம்மா கொடுத்த அச்சுமுறுக்கு அச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவள்.

ஏழாம் படி: கண்ணுக்கு வேலி

இது சுருக்கமானது. எது உங்களைத் தூண்டுகிறது என்று தெரிந்தால் அதைக் குறையுங்கள். வாட்ஸ்அப்பில் சிலருடைய ஸ்டேட்டஸை மறைத்துவைக்கலாம், அது துரோகம் இல்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் யாருடைய வீட்டுப் படங்களையும் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். களைப்பில்தான் வயிறு அதிகம் எரிகிறது. ஆனால் ஆளையே தவிர்க்காதீர்கள். படத்தைத் தவிருங்கள், ஆளைப் போய்ப் பாருங்கள்.

அநியாயத்தைச் சகிப்பது மனரம்மியம் (போதுமென்ற மனது) அல்ல

செய்த வேலைக்குக் கூலி தராதவரிடம் கூலி கேட்பது பொறாமை இல்லை. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தச் சத்தம் கர்த்தருடைய செவிகளுக்கு எட்டுகிறது என்றும் யாக்கோபு 5:4இல் இருக்கிறது. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுத்துவிட்டு, "இருக்கிறது போதும் என்று எண்ணுங்கள்" என்று வசனம் சொல்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்துக்கு நான் மனந்திரும்பப் போவதில்லை. போதுமென்ற மனது நமக்கு நாமே படிக்கிற பாடம். அடுத்தவர் வாயை மூட அதை எடுக்கக் கூடாது.

எவ்வளவு நாள் ஆகும்?

"எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் சிறைக் கட்டில் இருந்தார். கற்றுக்கொண்டேன் என்கிறார். பிறந்தபோதே இருந்தது, மனந்திரும்பின அன்றே வந்தது என்று சொல்லவில்லை. அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் உள்ளே இருக்க, வெளியே சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் பிரசங்கித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு உபத்திரவம் கூட்டும் எண்ணத்தோடே பிரசங்கித்தார்கள். எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, அதில் சந்தோஷப்படுகிறேன் என்று எழுதினார். தன் இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வதைச் சுவருக்கு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு அப்படி எழுதுவதற்கு எத்தனை வருஷப் பாடம் வேண்டும்!

எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, பாடம் முடியவில்லை. போன மாதம்கூட ஒரு தோழியின் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று கேட்டதும் தொண்டை இறுகியது. முதல் படிக்கு இறங்கிப் போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். சாயங்காலம் போன் பண்ணி வாழ்த்தினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வாழ்த்துக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

போன கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சித்தி மகள் வீட்டில்தான் பலகாரம் சுட்டோம். அவள் மாவு கரைத்தாள், நான் அம்மாவின் அச்சை எண்ணெயில் முக்கி எடுத்தேன். மேடை எனக்குக் கொஞ்சம் உயரம், அவள் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். சாரணிக் கரண்டி கேட்டாள். டிராயரை இழுத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பிடியை விட்டேன். அது மெல்லப் போய் மூடிக்கொண்டது. "நல்லா இருக்கு பாப்பா, இந்த டிராயர்" என்றேன். "அக்கா, இதை நீங்க அன்னிக்கே பார்த்தீங்களா, சொல்லவே இல்லையே" என்றாள். அதற்குள் எண்ணெய் காய்ந்துவிட்டது, அச்சை எடுத்தேன்.